தமிழ் தெரியாத நீதிபதி

கனடாவில், மில்லிக்கன் பகுதியில் ஸ்டீல்ஸ் வீதியை ஒட்டிய ஒரு கடைத்தொகுதியில், சனிக்கிழமைக் காலைகளில் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸுக்கு வரிசை நிற்கும் கடையில்தான் அவரை முதலில் கண்டேன். பெருந்தொற்று அடங்கி, முகக்கவசம் போடுவதா விடுவதா என்று ஆளுக்கொரு விதமாக இருந்த காலம், மாதம் மாசி. எனக்கு முன்னால் நின்ற முதியவர் கவசத்தைத் தாடைக்கு இறக்கித் தொண்டையைச் செருமினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இந்த மனிதர் செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு தடவை அல்ல.

"ஐயா, உங்களை எங்கையோ கண்டிருக்கிறன்" என்றேன்.

"எல்லாரும் உதைத்தான் சொல்லுறவை. பாங்கிலை கண்டிருப்பியள் எண்டு சொல்லிப்போட்டு நான் போயிடுவன்."

"இல்லை, நீங்கள் டொக்டர். இங்கிலீஷ் தொடர் ஒண்டிலை. கதவைத் திறந்து வெளியிலை வந்து..."

"'எங்களால் முடிந்ததைச் செய்தோம்' எண்டு சொல்லுவன்." அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அந்த டொக்டர் ஒரு கணம் கடைக்குள் வந்து நின்றுவிட்டுப் போனார். "அந்த வசனத்தை எத்தினை ஆசுப்பத்திரியிலை சொல்லியிருக்கிறன் தெரியுமோ? என்ரை கையிலை ஒருத்தரும் பிழைச்சதில்லை. சரி, நீர் ரோல்ஸை வாங்கும், சனம் பின்னாலை நிக்குது."

இந்த நகரத்தில் மேடையேறும் தமிழ் நாடகங்களைப் பற்றி நான் கன வருடமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். எந்த மண்டபம், எந்த மாதம், யார் எந்தப் பாத்திரம், அன்றைக்குப் பனியா மழையா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதனால் பிரித்தானிய மேடையிலும் திரையிலும் நாற்பது வருடத்துக்கு மேல் நடித்த ஒரு யாழ்ப்பாணத்தவர் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் மகளோடு வாழ்கிறார் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த வருடம் முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். நான் அவரை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் என்னைத் தம்பி என்றார். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, ஆனாலும் அந்தச் சொல் பிடித்திருந்தது.

அண்ணை கணக்காளர் படிப்புக்கென்று லண்டன் போனவர். படிப்பு முடியவில்லை. வட இங்கிலாந்தின் ஒரு மில் நகரத்தில், வாரத்துக்கு ஒரு புது நாடகம் போடும் சிறிய தியேட்டரில் மேடையைக் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாடகத்தில் கப்பல் சிப்பந்தியாக வர ஆள் தேவைப்பட்டது. விளக்குமாற்றை வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒப்பனைக்காரி அவரைப் பார்த்துவிட்டு, நிறம் போதாது என்று மண்ணிறம் பூசினாளாம். "பூசி முடிஞ்சு கண்ணாடியைப் பாத்தன். என்ரை சித்தப்பா நிண்டார்" என்றார்.

நட்சத்திரங்களின் வாழ்க்கையைக் கால வரிசைப்படி எழுதுவது சுலபம். பத்திரிகைகள் முன்பே எழுதிவைத்திருக்கும். சிறு பாத்திரங்கள் செய்தவர்களுக்கு அப்படி இல்லை. பெயர்ப்பட்டியலில் 'டொக்டர்' என்று இருக்கும், சில இடங்களில் 'இரண்டாவது டொக்டர்'. சிலவற்றில் அதுவும் இல்லை. அவருக்கு வருடங்கள் நினைவில்லை, ஆனால் ஒவ்வொரு பாத்திரத்திலும் என்ன சப்பாத்து போட்டார் என்பது நினைவிருந்தது. அவருடைய வேலை முறை அது. ஒரு பாத்திரம் கிடைத்தவுடன் முதலில் அந்த மனிதனின் சப்பாத்தைத் தேடுவார். அதற்குப் பிறகுதான் வசனம். "வசனம் ரெண்டு வரி. சப்பாத்தோடை நாள் முழுக்க நிக்கவேணும்."

பரிசாரகர், பஸ் நடத்துநர், மூலைக்கடைக்காரர், வைத்தியர், பிரேதப் பரிசோதகர், ஒரு தூதுவர், கடைசியில் படுக்கையில் கிடந்து இறக்கும் தகப்பன்மார் பலர். இந்த வரிசையைப் பார்த்தால் இங்கிலாந்து நம்மவர்களை எந்தெந்தக் காலத்தில் எந்தப் படியில் நிற்கவைத்துப் பார்த்தது என்பது தெரிகிறது என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் கோப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

"உதெல்லாம் படிச்ச ஆக்கள் கண்டுபிடிக்கிறது. எனக்கு முழங்கால் நோவுதான் தெரியும். செத்த தகப்பன் வேலை நல்லம், படுக்கலாம்."

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பகிடி விடவில்லை. அத்தனை வருடத்திலும் அவர் தமிழில் ஒரு வசனம் பேசியதில்லை. இந்தி பேசச் சொன்னார்கள், பாடமாக்கிப் பேசினார். அரபும் பேசியிருக்கிறார். ஒரே ஒரு தடவை, ஒரு சந்தைக் காட்சியில் பின்னணியில் நின்றபோது, இயக்குநர் "உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள்" என்றாராம். அவர் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து, "காலமை துவக்கம் நிக்கவிட்டிருக்கிறாங்கள், தேத்தண்ணியும் ஆறிப்போச்சு" என்றார். படம் வெளிவந்தபோது அந்த இடத்தை இசை போட்டு மூடியிருந்தார்கள். நான் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். உதடு அசைகிறது. 'தேத்தண்ணி' என்ற சொல்லின்போது புருவம் உயர்கிறது. ஒன்றும் கேட்கவில்லை.

"சாகிறதுக்கு முன்னம் ஒருக்கா" என்றார் அவர். "ஒரு மேடையிலை நிண்டு, சனம் கேக்க, என்ரை பாசையிலை ஒரு வசனம். பெரிசாய் வேண்டாம். நான் பெரிய வசனக்காரன் இல்லை."

அதற்கு வழி பிறந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம். ஸ்காபரோவில் நாடகங்கள் போடும் ஒரு பெண் எனக்கு நல்ல பழக்கம். நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்பவர். ஒரு அகதிக் கோரிக்கை விசாரணையை வைத்து நாடகம் எழுதி, இயக்கி, அதில் மொழிபெயர்ப்பாளராகத் தானே நடிக்கவும் இருந்தார். மற்ற முக்கியமான பாத்திரங்கள் இரண்டு: அகதிக் கோரிக்கையாளர், விசாரிக்கும் நீதிபதி. நான் அண்ணையைப் பற்றிச் சொன்னதும் அவர் துள்ளிக் குதித்தார். நானும் அண்ணையும் வெக்ஸ்போர்ட்டில் இருந்த அவருடைய வீட்டு நிலக்கீழ் அறைக்குப் போனோம்.

"அங்கிள், நீங்கள்தான் ஜட்ஜ்" என்றார் அவர், நாங்கள் குளிர் ஜாக்கெற்றைக் கழற்ற முன்னமே.

"ஜட்ஜ் தமிழனோ பிள்ளை?"

"இல்லை அங்கிள், வெள்ளை."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்கை எனக்கு மண்ணிறம் பூசினவங்கள். நீங்கள் என்ன, சுண்ணாம்போ?"

"ஒண்டும் பூசத் தேவையில்லை. நீங்கள் வாயைத் திறந்தால் காணும். உங்கட இங்கிலீஷுக்கு இந்த ஊரிலை வேறை ஆர் இருக்கினம்? அகதியாய் நடிக்க ஆள் வரிசையிலை நிக்குது அங்கிள், ஜட்ஜுக்குத்தான் ஆள் இல்லை."

இங்கிலாந்தில் நாற்பது வருடம் இந்தியனாக நடித்தவருக்கு, தமிழர்களின் மேடையில் கிடைத்தது வெள்ளைக்காரன் வேடம். நான் இதைச் சொல்லிச் சிரிக்கப் போனேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

அவர் மறுக்கவில்லை. வேலை வந்தால் மறுக்காத பழக்கம். ஆனால் என் காரில் திரும்பி வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தப் பிள்ளையிட்டைத் தமிழிலை ஒரு சொல்லுக் கேட்டுப் பாருமன்" என்றார். நான் கேட்டேன். இயக்குநர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். நாடகத்தின் முடிவில் கோரிக்கையை ஏற்றுக்கொண்ட நீதிபதி, கோப்பை மூடி எழுந்து, போகும் வழியில் அகதியின் முன்னால் நின்று தமிழில் 'நல்லா இருங்கோ' என்று சொல்வார். இத்தனை வருடம் விசாரித்ததில் பொறுக்கிக்கொண்ட தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். "அதிலை ஹோல் சனம் முழுக்க எழும்பி நிண்டு கைதட்டும்" என்றார் இயக்குநர்.

இரண்டே சொற்கள். அந்த இலையுதிர் காலம் முழுக்க என் காரில் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் தட்டித்தடவிச் சொல்வதுபோல, அப்பன் சொல்வதுபோல, அவசரமாக, மெதுவாக. "எது நல்லம்?" என்று கேட்பார். எல்லாம் நன்றாக இருந்தன. அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

ஒத்திகையில் அவருக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. கோரிக்கையாளராக நடித்தவர் நகர பஸ் ஓட்டுபவர், நல்ல குரல், உயரமானவர். அவர் எந்தக் காட்சியிலும் பேசப் போகும்போது இரண்டடி முன்னால் வந்து, கம்பளத்தில் ஒட்டியிருந்த ஒரு நாடாவின் மேல் நின்று, முகத்தைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு பேசினார்.

"தம்பி, மேலை ஆரைப் பாத்துக் கதைக்கிறீர்? ஜட்ஜ் இஞ்சையெல்லோ இருக்கிறன்."

"மைக் அண்ணை. மேலையிருந்து தொங்கும்."

"இஞ்சை மைக் ஒண்டும் இல்லையே."

"ஹோலிலை தொங்குமே. இப்பவே பழகவேணும்."

இது எங்கள் மேடைகளின் வழக்கம். வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட மண்டபங்களில் விளக்குக் கம்பியிலிருந்து மைக்குகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். நடிகர்கள் சண்டை பிடித்தாலும் அழுதாலும் அதற்குக் கீழே வந்துதான் செய்வார்கள். அண்ணை தலையை ஆட்டினார். பிறகு தன் சப்பாத்துக்குப் போனார். கனடாவில் குளிர்காலத்தில் வேலைக்கு வரும் ஒரு அதிகாரி ஸ்னோ பூட்ஸோடு வருவார், அலுவலகச் சப்பாத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து மேசைக்குக் கீழே மாற்றுவார் என்று கண்டுபிடித்தார். உப்புக் கறை படிந்த பூட்ஸ் ஒரு சோடி, இடது கால் சற்று இறுக்கமான கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி. மேசைக்கு முன்னால் துணி தொங்கும். சபைக்குக் கால் தெரியாது. "அந்த மனுசனுக்குத் தெரியும்தானே" என்றார்.

இன்னொன்றிலும் கடுமையாக உழைத்தார். அகதி தமிழில் பேசும்போது அவர் தமிழ் விளங்காதவராக இருக்கவேண்டும். இதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. அகதி ஒரு பகிடி சொல்லும் இடம் ஒன்று உண்டு. சபை உடனே சிரிக்கும், நீதிபதி சிரிக்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்ன பிறகு, சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு, தனியாகச் சிரிக்கவேண்டும். ஒத்திகையில் முதல் தடவை அவருடைய கண் முந்திவிட்டது. "நிப்பாட்டுங்கோ, எனக்கு விளங்கிப்போச்சு" என்றார். சொந்தப் பாசையை வெறும் சத்தமாகக் கேட்பதற்கு அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதைப் பழகிய நாட்களில், நான் தமிழில் ஏதாவது சொன்னால் காரில் அவர் ஒரு நொடி பிந்தித்தான் பதில் சொன்னார்.

நாடகம் மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பகல் காட்சியாக மேடையேறியது. காலையிலிருந்து பனி கொட்டியும் மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், பிரதியோடு இருந்தேன். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

முதல் பாதி நன்றாகப் போனது. அகதி தன் சைக்கிளைப் பற்றிச் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார், நீதிபதி எழுதிக்கொண்டார். பகிடி வந்தது. சபை சிரித்தது. அண்ணை மேசைக்குப் பின்னால் பொறுமையாக, கொஞ்சம் களைப்பாக, பேசுகிறவரின் வாயைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய முகத்தில் தமிழ் என்பது ஒரு துளியும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த இடம் வந்தது. அகதி வீட்டைவிட்டு வந்த நாளைச் சொல்லவேண்டும். தம்பியோடு சந்திவரை வந்தது, சைக்கிளை அவனிடம் கொடுத்தது, அவன் அதில் திரும்பிப் போனது. பஸ் ஓட்டுநர் நாடாவின் மேல் வந்து நின்றார். வாயைத் திறந்தார். நீதிபதியைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னால் அவருக்குக் கேட்கும்; ஆனால் அவருடைய தலைக்கு நேரே மைக் தொங்குகிறது, மண்டபம் முழுக்கக் கேட்கும். எங்கள் வழக்கம் எங்களையே பொறியில் மாட்டிவிட்டது. பிரதியைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். இயக்குநர் மேடையில் அவருக்குப் பக்கத்தில், மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் நின்றார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பின்னால் ஒரு குழந்தை, "வாட் ஹப்பெண்ட் அம்மா?" என்றது.

அண்ணைக்கு அந்த வசனம் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. இளமையில் மற்றவர்களுக்கு மாற்றாளாக நின்று பழகியவர். எந்த நாடகத்திலும் எல்லாருடைய வசனமும் பாடம். அவருடைய மேசைக்கு மேலும் ஒரு மைக் தொங்கியது. ஒரு சொல்லைத் தமிழில் விட்டால் போதும். பேசாமல் இருந்த நாற்பது வருடமும் அந்த ஒரு சொல்லில் முடிந்திருக்கும். சபையும் மன்னித்திருக்கும், கைகூடத் தட்டியிருக்கும்.

அவர் பேனையை வைத்தார். தான் எழுதிய தாளைப் பார்த்தார். மேசைக்குக் கீழே இடது காலைச் சற்று அசைத்ததை நான் இருந்த இடத்திலிருந்து கண்டேன். பிறகு ஆங்கிலத்தில், அவசரமில்லாமல், "நீங்கள் ஒரு சைக்கிளைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தச் சைக்கிளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

பிரதியில் அப்படி ஒரு கேள்வி இல்லை. இயக்குநருக்கு உயிர் வந்தது. "உங்கட சைக்கிளுக்கு என்ன நடந்தது எண்டு ஐயா கேக்கிறார்" என்றார்.

"சைக்கிளை..." என்றார் பஸ் ஓட்டுநர். "சைக்கிளைத் தம்பியிட்டைக் குடுத்தனான்." அதற்குப் பிறகு வசனம் நிற்கவில்லை. அவர் நாடாவைவிட்டு விலகி மேசைக்குக் கிட்டப் போய், நீதிபதியைப் பார்த்துப் பேசினார். மைக்குக்கு எட்டாததால் பின்வரிசைக்குக் குறைவாகத்தான் கேட்டிருக்கும். அங்கே யாரும் அசையவில்லை.

அன்றிரவு பிரதியைத் திரும்ப வாசித்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தால் வசனம் இன்னும் நேராக வந்திருக்கும். ஆனால் அந்த நேரம்வரை தம்பி என்ற பேச்சு ஆங்கிலத்தில் வரவில்லை. நீதிபதிக்குத் தம்பியைத் தெரியாது; சைக்கிளைத்தான் தெரியும். அந்தப் பதற்றத்திலும் அவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

முடிவுக் காட்சி. நீதிபதி கோரிக்கையை ஏற்றார். கோப்பை மூடினார். எழுந்தார். அகதியின் முன்னால் வந்து நின்றார். நான் பிரதியின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் சிரிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. அண்ணை பஸ் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார், தலையை ஒருதரம் சிறிதாகத் தாழ்த்தினார், பிளாஸ்டிக் பையில் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சபை எழும்பவில்லை. கைதட்டினார்கள், அளவாக.

"அங்கிள், அந்த லைன்!" இயக்குநர் திரைக்குப் பின்னால் ஓடிவந்தார். அழுகிற மாதிரி இருந்தார். "உங்களுக்காகத்தானே எழுதினது. மறந்துபோட்டியளோ?"

"மறக்கேல்லைப் பிள்ளை. குறை நினையாதை."

"அப்ப ஏன்?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இடது குதிக்காலில் தோல் உரிந்திருந்தது. "அந்த மனுசனுக்குத் தமிழ் தெரியாது" என்றார்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். ஒரு நல்ல நடிகர் தான் செய்த மனிதனைப் பொய்யாக்க மறுத்தார் என்று இன்றைக்கு எழுதலாம். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை வாரமாக என் காரில் அந்த இரண்டு சொல்லைக் கேட்டவன் நான். மழையிலும் பனியிலும் அவர் அதைத் திருத்தித் திருத்திச் சொன்னதை அந்தச் சபை கேட்கவே இல்லை.

மண்டப வாகனத் தரிப்பிடத்தில் நான் காரின் மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணை உள்ளே இருந்தார். பஸ் ஓட்டுநர் முகப்பூச்சைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வந்து அவருடைய பக்கத்துக் கண்ணாடியில் தட்டினார். அண்ணை கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, நான் வசனம் மறக்கேல்லை" என்றார் அவர். "உங்கட முகத்தைப் பாத்தன். அப்பிடி ஒரு அறையிலை நானும் இருந்தனான். அந்த ஆளும் உப்பிடித்தான் பாத்தவர், ஒண்டும் விளங்காமல். எனக்குத் திரும்ப அங்கை போன மாதிரி இருந்தது. அங்கை ஒருத்தரும் சைக்கிளைப் பற்றிக் கேக்கேல்லை, அண்ணை."

அவருடைய கை கண்ணாடி விளிம்பில் இருந்தது. கையுறை இல்லை. அண்ணை அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"நல்லா இருங்கோ" என்றார்.

நான் பனி தள்ளும் தூரிகையோடு காரின் மறுபக்கத்தில் நின்றேன். அந்த இலையுதிர் காலம் முழுக்க அவர் சொல்லிப் பார்த்த எந்த விதத்திலும் அது இருக்கவில்லை. தட்டித்தடவியும் இல்லை, அப்பன்போலவும் இல்லை. பஸ் ஓட்டுநர் தலையாட்டிவிட்டுத் தன் வாகனத்தைத் தேடிப் போனார்.

நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன். அன்றைய காட்சியை என் குறிப்பில் எப்படிப் பதிவது என்று யோசித்தேன். பாத்திரம்: நீதிபதி. மொழி: ஆங்கிலம். அதுதான் சரி. மற்றது மேடையில் நடக்கவில்லை.

"என்ன தம்பி பாத்துக்கொண்டிருக்கிறீர்?" என்றார் அண்ணை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "ஹீற்றரைக் கூட்டும். கால் விறைக்குது."